‘முடி’யை நீக்கும் முன்மொழிவு

ஜூன் 9, திங்கள்

யாசின் சொன்னபடியே செய்துவிட்டான். காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மெயிலைத் திறந்தால் மேலேயே நிற்கிறது: ‘தும்பி மொழியிலிருந்து முடி என்ற சொல்லை நீக்குவதற்கான முன்மொழிவு.’ ஏழு பக்கம். படித்து முடிப்பதற்குள் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது.

தும்பி என்ற எங்கள் நிரல்மொழியில் ஒரு சதுரம் வரைய வேண்டுமென்றால் பிள்ளைகள் இப்படி எழுதுவார்கள்:

மீண்டும் 4 முறை
    முன்னே 50
    வலம் 90
முடி

எதுவரைக்கும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும் என்று கணினிக்குச் சொல்வது அந்தக் கடைசிச் சொல்தான். யாசின் கேட்கிறான்: உள்ளே இருக்கிற வரிகளைத்தான் தள்ளித் தள்ளி எழுதுகிறோமே, அந்த இடைவெளியைப் பார்த்தாலே எங்கே முடிகிறது என்று தெரிகிறதே, பிறகு சொல் எதற்கு? பெரிய மொழிகள் சில அப்படித்தான் இருக்கின்றனவாம். எனக்குத் தெரியாதா, பகல் முழுக்க ஆபீசில் அதில்தானே எழுதுகிறேன்.

முடியவே முடியாது என்று ஒற்றை வரியில் பதில் போட்டேன். போட்ட பிறகு, காரணம் சொல்லவில்லையே என்று தோன்றியது.

ஜூன் 14, சனி

நாங்கள் நால்வர்தான். அருளப்பன் சார் திருச்சியில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிப் பிள்ளைகள் தமிழிலேயே நிரல் எழுதிப் பழகட்டும் என்று தும்பியைத் தொடங்கியவர் அவர். வளர்மதி டீச்சர் சத்தியமங்கலம் பக்கம் அரசுப் பள்ளியில் அதைச் சொல்லிக்கொடுக்கிறார். யாசின் மேலப்பாளையத்துப் பையன், பெங்களூரில் வேலை, எங்களில் இளையவன், கெட்டிக்காரன். நான்காவது நான். யாருக்கும் இதில் சம்பளம் கிடையாது. மொழியின் இலக்கணத்தில் எதை மாற்றினாலும் நால்வரும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது சார் வைத்த விதி. ஒருவர் மறுத்தாலும் மாற்றம் நின்றுவிடும்.

இன்று காணொளிக் கூட்டம். நான் எட்டு வருஷமாக இருக்கும் வழக்கத்தைச் சொன்னேன். பழைய பாடப் பயிற்சிகளெல்லாம் வீணாகும் என்றேன். யாசின் அவற்றைத் தானே மாற்றிவிடும் கருவியை எழுதிக் கையில் வைத்திருந்தான். தமிழ் வாக்கியம் வினைமுற்றில் முடிவதுதான் அழகு, அதனால் கடைசியில் ஒரு முடிக்கும் சொல் வேண்டும் என்றேன். சாருக்கு அது பிடித்துப்போயிற்று. எனக்கே தெரியும், அது அந்த நிமிஷத்தில் தோன்றிய ஜோடனை.

சமையலறை டியூப்லைட் மங்கலாகிவிட்டது. மாற்றச் சொல்லி என் வீட்டுக்காரரிடம் இரண்டாம் முறையாகச் சொல்லியிருக்கிறேன். வெங்காயம் நறுக்கும்போது கைக்கு அந்தப் பக்கம் உருண்டதைத் தேடவே நேரம் போகிறது.

ஜூன் 22, ஞாயிறு

இவர் வொர்க்‌ஷாப்பிலிருந்து ஆளைக் கூட்டிவந்து புது லைட் போட்டுக் கொடுத்தார். ‘இப்பத் தெரியுதா?’ என்றார். நன்றாகத் தெரிகிறது என்றேன்.

மதியம் இவர் தூங்கும்போது, திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் இறக்கிப் பார்த்தேன். சும்மா, ஆர்வத்துக்காக. இயர்போன் மாட்டிக்கொண்டு தும்பி நிரல் ஒன்றைக் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டே பின்தொடர முடிந்தது. ‘முடி’ என்ற சொல் காதில் விழுந்ததும், சரி, இந்தச் சுற்று இத்தோடு தீர்ந்தது என்று மனசு இறங்கி நிற்கிறது. படிக்கட்டில் கடைசிப் படி காலுக்குத் தட்டுப்படுவதுபோல.

பிறகு அதே நிரலை யாசினின் முறையில், அந்தச் சொல் இல்லாமல் கேட்டேன். வரிக்குப் பின் வரியாகக் குரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. எது உள்ளே, எது வெளியே என்று பிடிபடவில்லை. இடைவெளியையும் சேர்த்துச் சொல்ல வைத்தேன். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ‘நான்கு இடம், எட்டு இடம்’ என்று அது எண்ண ஆரம்பித்தது. எண்ணைப் பிடித்தால் வரி போய்விடுகிறது, வரியைப் பிடித்தால் எண் போய்விடுகிறது. மூன்று முறை கேட்டேன். இயர்போனைக் கழற்றி வைத்துவிட்டேன்.

ஜூலை 3, வியாழன்

கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். பவர் மாறவில்லையாம்.

வேறொரு சோதனை செய்தார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரி இருக்கிறது, அதற்குள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். நேராகப் பார்த்துக்கொண்டே, எங்கேயாவது ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். வெகுநேரம் புள்ளியே வரவில்லை. மெஷின் நின்றுவிட்டதோ என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன்.

‘ஓடிட்டுத்தான் இருக்குதுங்க, மேடம்’ என்றாள்.

வீட்டில் யாருக்காவது மாலைக்கண் உண்டா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். பெரிய மாமாவின் முகம் கண்முன் வந்தது. ஆனாலும் இல்லை என்றே சொன்னேன்.

வரும் வழியில் தக்காளி, கொத்தமல்லி, இவருக்கு ஷேவிங் பிளேடு. யாசினின் மூன்றாவது மெயிலுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

ஜூலை 5, சனி

டாக்டர் சொன்னதை எழுதாமல் இருந்தால் அது இல்லாமல் போய்விடாது. எழுதிவிடுகிறேன். விழித்திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வருகிறது. பரம்பரையாக வருவது. மருந்து கிடையாது. நடுவில் கொஞ்ச வட்டம் மட்டும் மிச்சம் இருக்கிறது, அதுவும் சுருங்கும். எவ்வளவு காலம் என்று கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும் என்றார். வண்டி ஓட்டக் கூடாது என்றார்.

இவரிடம் சொல்லவில்லை. புது மோட்டார் ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது, அதில் தலை நிமிர நேரமில்லாமல் இருக்கிறார். அது முடியட்டும்.

ஜூலை 19, சனி

இன்றோடு நான் தனி ஆள்.

வளர்மதி டீச்சர் ஒரு காரியம் செய்திருந்தார். எட்டாம் வகுப்பில் ஒரு பிரிவுக்குப் பழைய முறையிலும் இன்னொரு பிரிவுக்கு யாசின் முறையிலும் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். புது முறையில் படித்த பிள்ளைகள் வீடு, கோலம், கோபுரம் என்று வரைந்து தள்ளிவிட்டார்களாம். பழைய முறைக்காரர்கள் ‘முடி’யை விட்டுவிட்டும் கூடுதலாகப் போட்டும் பிழைச் செய்தியோடு மல்லுக்கட்டிக்கொண்டு இருந்தார்கள். தமிழ்த் தட்டச்சே இப்போதுதான் பழகுகிற பிள்ளைகள் வேறு. ஒரு பெண் குழந்தை, தனக்குக் கம்ப்யூட்டர் வராது என்று சொல்லி அழுதுவிட்டு எழுந்து போய்விட்டதாம். டீச்சர் இதை எந்தக் கோபமும் இல்லாமல் சொன்னார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

சார், மொழி பிள்ளைகளுக்காகத்தானே தவிர நமக்காக இல்லை என்று சொல்லி யாசின் பக்கம் கை தூக்கிவிட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்திருப்பார்கள். எனக்குச் சாரின் முகம் இருந்த சின்னக் கட்டம் மட்டும்தான் தெரிந்தது, மற்றவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. எனக்கு இன்னும் யோசிக்க வேண்டும் என்றேன்.

அவர்கள் சொல்வது சரி. அந்தப் பெண் குழந்தை அழுதது உண்மை. அதைத் தெரிந்துகொண்டே நான் குறுக்கே நிற்கிறேன்.

ஜூலை 27, ஞாயிறு

துணி துவைத்தேன். மாடியில் காயப்போட்டேன். ஆடிக் காற்றில் இரண்டு சட்டை பக்கத்து வீட்டுக்குப் பறந்துவிட்டன.

ஆபீசில் மேலாளர் கூப்பிட்டார். என் வேலையில் இப்போதெல்லாம் சின்னச் சின்னப் பிழைகள் வருகின்றனவாம். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். இல்லை என்றேன். ‘இல்லை’ என்று சொல்வது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

தினமும் மதிய இடைவேளையில் காதால் கேட்டுப் பழகுகிறேன். ஆபீஸ் நிரல்களைக் கேட்டால் காட்டில் விட்டதுபோல் இருக்கிறது. ஒரு பக்கத்தைத் தாண்டவே அரை நாள் ஆகிறது. தும்பியில் மட்டும் ஓடுகிறேன். கண் முழுக்கப் போனாலும் இந்த ஒரு மொழியில் நான் எழுதிக்கொண்டே இருக்கலாம். அதைத்தான் எடுக்கச் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 2, சனி

யாசின் தனியாக ஃபோன் செய்தான். பொதுவாகத் துடுக்காகப் பேசுகிறவன் இன்று மெதுவாகப் பேசினான். நான் இதுவரை சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றையும் நானே வேறொரு சமயம் மறுத்திருப்பதைக் காட்டினான். பழைய கூட்டக் குறிப்புகளைப் படித்திருக்கிறான். வழக்கம் என்பதற்காக எதையும் வைத்திருக்கக் கூடாது என்று நான் சொன்னதைக்கூட எடுத்து வைத்திருந்தான்.

‘அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க சொன்னதுல ஒண்ணுகூட நிக்க மாட்டேங்குது. உள்ளுக்குள்ள வேற என்னமோ இருக்கு. அதச் சொல்லுங்க. நியாயமா இருந்தா முன்மொழிவையே வாபஸ் வாங்கிடுதேன்.’

இதைவிட நல்ல வாய்ப்பு யாரும் தர மாட்டார்கள். வாயைத் திறந்தேன். சொல்லிவிட்டால் நாளையிலிருந்து நான் சுகந்தி இல்லை, கண் தெரியாத சுகந்தி. அவன் வாபஸ் வாங்குவான். எல்லாரும் சரி என்பார்கள். அழுதுகொண்டு எழுந்து போன அந்தப் பிள்ளை என் கண்ணுக்காக மறுபடி போராட வேண்டும்.

‘சொல்ல ஒண்ணுமில்ல, யாசின். எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான்.’

‘பிடிக்கலன்னு சொல்லி இத்தன பிள்ளைங்களை நிறுத்தி வெப்பீங்களா?’

நான் இணைப்பைத் துண்டித்துவிட்டேன். பிறகு நாளைக்கு ஆடிப்பெருக்கு என்று ஞாபகம் வந்து எலுமிச்சம்பழம் வாங்கப் போனேன். கடைக்காரர் நீட்டிய சில்லறை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் கையைத் துழாவினேன். அவர் என் உள்ளங்கையைப் பிடித்து அதில் வைத்தார்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆஸ்பத்திரியில் இருந்து இப்போதுதான் வந்தோம். எனக்கு ஒன்றுமில்லை.

ஆபீஸ் விட்டு வரும்போது தூறல். இருட்டத் தொடங்கியிருந்தது. இன்றைக்கு மட்டும், இன்றைக்கு மட்டும் என்றுதான் ஒவ்வொரு நாளும் வண்டியை எடுத்துக்கொண்டிருந்தேன். கணபதிப் பக்கம் ரோடு திரும்புகிற இடத்தில் இடப்பக்கமிருந்து ஒரு பெண் ரோட்டைக் கடந்திருக்கிறாள். நான் அவளைப் பார்க்கவே இல்லை. பிரேக் பிடிக்கக்கூட இல்லை. சத்தம்தான் முதலில்.

மில் வேலை முடித்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள். பெயர் ரேவதி. முழங்கை எலும்பு முறிந்துவிட்டது. நான்தான் ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போனேன். இவருக்கு ஃபோன் செய்தேன். இவர் வருவதற்கும் அவள் வீட்டுக்காரர் வருவதற்கும் சரியாக இருந்தது. அந்த மனுஷன் என்னைப் பார்த்ததும் வராந்தாவே அதிரக் கத்தினார்.

‘கண்ணு என்ன பொடனிலயா இருக்குது? ஆளு வர்றது தெரியல?’

கோபத்தில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்விதான். மன்னிப்புக் கேட்டிருந்தால் போதும்.

‘தெரியலீங்க’ என்றேன். ‘நெசமாவே தெரியலீங்க. எனக்குக் கண்ணு போயிட்டிருக்குது.’

அவர் நிறுத்திவிட்டார். இவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். இவர் முகத்தைப் பார்க்கத் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது. நான் திருப்பவில்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

லீவு போட்டேன். இவரும் வொர்க்‌ஷாப்புக்குப் போகவில்லை. காலையில் இட்லியை எனக்கும் எடுத்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். மயில்சாமி என்ற இந்த மனுஷன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. நான் வீட்டு நடையில் சுவரைத் தடவிக்கொண்டு போவதையும், நீட்டிய டம்ளரைத் தாண்டிக் கை போவதையும் சில மாசமாகவே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாராம்.

‘எங்கிட்டச் சொல்லியிருந்தா நா என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்ச?’

‘வண்டிச் சாவிய வாங்கி வெச்சிருப்பீங்க.’

‘ஆமா’ என்றார். ‘வாங்கித்தான் வெச்சிருப்பேன்.’

சாவி வாங்கப்பட்டிருந்தால் ரேவதியின் கை உடைந்திருக்காது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தது எனக்குள் மட்டும் நடக்கிற விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதியம் இரண்டு பேரும் ரேவதி வீட்டுக்குப் போனோம். மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, எனக்குத்தான் அவள் ஆறுதல் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் வெளியே போய் நின்றுகொண்டார்.

ஆகஸ்ட் 16, சனி

கூட்டத்தில் சொல்லிவிட்டேன்.

முதலில் பேசவில்லை. எல்லாரையும் திரையைப் பார்க்காமல் திரும்பி உட்காரச் சொன்னேன். பிறகு என் வாசிக்கும் மென்பொருளை இரண்டு நிரல்களைப் படிக்க வைத்தேன். முதலில் ‘முடி’ இருப்பது, அடுத்து இல்லாதது. அது என்ன வரையும் என்று கேட்டேன். முதலாவதை மூவருமே சரியாகச் சொன்னார்கள். இரண்டாவதில் யாசினே தடுமாறினான். இன்னொரு தடவை போடச் சொன்னான். மறுபடியும் தவறாகச் சொன்னான்.

‘இனி நான் இப்படித்தான் படிக்கணும்’ என்றேன். ‘எனக்குப் பார்வை போயிட்டிருக்கு. அதான் காரணம். வேற காரணமே கிடையாது. இத்தன நாளும் சொன்னதெல்லாம் ஜோடனை.’

வளர்மதி டீச்சர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. சார் ‘அம்மா, சுகந்தி’ என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். நான் தொடர்ந்து, இதற்காக முன்மொழிவை நிறுத்த வேண்டாம், பிள்ளைகளுக்கு எது நல்லதோ அதைச் செய்யுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன் என்று அவசர அவசரமாகச் சொல்லிக்கொண்டு போனேன். அழுதுவிடக் கூடாது என்பதற்காகத்தான் அந்த அவசரம்.

யாசின்தான் குறுக்கே புகுந்தான்.

‘அக்கா, ஒரு நிமிஷம். எழுதுற பிள்ள அந்தச் சொல்ல எழுத வேண்டாம். சரி. ஆனா வாசிக்கிற மென்பொருளு சொல்லலாம்லா? இடைவெளி எங்க குறையுதுன்னு அதுக்குத் தெரியும். அந்த இடத்துல அதுவே ‘முடி’ன்னு ஒரு சொல்ல உள்ள போட்டு வாசிச்சா?’

அவ்வளவுதான். கோப்பில் சொல் இருக்காது, காதில் மட்டும் இருக்கும். பிள்ளைகளுக்கும் தொல்லை இல்லை, எனக்கும் வழி உண்டு. சின்ன வேலை, ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். அரை மணி நேரத்தில் எல்லாம் பேசி முடிந்துவிட்டது. நால்வரும் ஒத்துக்கொண்டோம்.

கம்ப்யூட்டரை மூடிவிட்டு உட்கார்ந்தே இருந்தேன். இருபது வருஷமாக நிரல் எழுதுகிறவள் நான். அந்த மென்பொருளோடு இரண்டு மாசம் மல்லுக்கட்டியவள் நான். அவனுக்கு அரை நிமிஷத்தில் தோன்றியது எனக்கு ஏன் தோன்றவில்லை? அதை யோசிக்க வேண்டுமானால், அது எனக்கு வேண்டும் என்று முதலில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நான் சொல்லைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். சொல் போகாதவரை கண்ணும் போகாது என்பதுபோல.

சொல்லின் விஷயம் தீர்ந்துவிட்டது. கண்ணின் விஷயம் அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஆபீசில் சொன்னேன். மேலாளர் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். இனி நிரல் எழுத வேண்டாம், விளக்கக் குறிப்புகள் எழுதும் வேலையைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். எல்லாம் அன்பாகத்தான். நான் எழுதி முடிக்காமல் வைத்திருந்ததை அன்றைக்கே இன்னொருவருக்கு மாற்றிவிட்டார்கள்.

பஸ்ஸில் போய் வருகிறேன். காலையில் இவர் கொண்டுவந்து ஏற்றிவிடுகிறார்.

செப்டம்பர் 6, சனி

‘முடி’ இல்லாத தும்பி இன்று வெளியானது. வளர்மதி டீச்சர் பிள்ளைகள் வரைந்ததையெல்லாம் அனுப்பியிருந்தார். ஒவ்வொன்றாகத் திரையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். நன்றாக இருந்தன.

கையோடு நானும் ஒரு முன்மொழிவு எழுதி அனுப்பினேன். தும்பியில் மதிப்புகளைப் பெயரிட்ட பெட்டிகளில் போட்டு வைக்கிறோம். இல்லாத பெட்டியைக் கேட்டால் நீளமாக ஒரு பிழைச் செய்தி வரும். காதால் அதைக் கேட்டுக் கேட்டு எனக்குத் தலைவலியே வந்துவிட்டது. அதனால், இல்லாத பெட்டியைக் கேட்டால் பிழை சொல்ல வேண்டாம், அதில் பூஜ்யம் இருப்பதாக எடுத்துக்கொண்டு மேலே போகட்டும் என்று எழுதினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சாம்பாருக்குப் பருப்பு வேகும்போது உறைத்தது. எழுதினது தப்பு. ஒரு பிள்ளை ‘மதிப்பெண்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ப்’ என்ற ஒற்றை விட்டு ‘மதிபெண்’ என்று எழுதினால், கணினி வாயைத் திறக்காமல் பூஜ்யம் போட்டுத் தப்பான விடையைக் கொடுக்கும். பிள்ளைக்கு எங்கே பிழை என்றே தெரியாது. இதைவிட மோசமான ஒன்றை ஒரு பள்ளிக்கூட மொழியில் வைக்க முடியாது.

திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்று போனேன். அதற்குள் பதில்கள் வந்திருந்தன. வளர்மதி டீச்சர் ‘நல்ல யோசனைங்க, எனக்குச் சம்மதம்’ என்று எழுதியிருந்தார். அருளப்பன் சார், ஒரு காற்புள்ளிக்காக இரண்டு மாசம் எங்களோடு சண்டை போட்ட அருளப்பன் சார், ‘அப்படியே செய்வோம் அம்மா. உடம்பைப் பார்த்துக்கொள்’ என்று எழுதியிருந்தார்.

இரண்டு பேருக்கும் இது தப்பு என்று தெரியாமல் இருக்காது.

பெரிய மாமா ஞாபகம் வந்தது. கண் போன பிறகு அவர் என்ன சொன்னாலும் வீட்டில் ‘சரிங்க, சரிங்க’ என்பார்கள். காட்டில் மஞ்சள் போடலாம் என்பார், சரி. வாழை போடலாம் என்பார், அதற்கும் சரி. அதன்பிறகு போய் அவரவர் நினைத்ததைப் போடுவார்கள். யாரும் அவரோடு வாதாடியதில்லை. கடைசியில் அவர் பேசுவதையே விட்டுவிட்டார். இருட்டுக்கு நான் அவ்வளவு பயப்படவில்லை. இதற்குத்தான் பயந்திருக்கிறேன். இப்போதுதான் தெரிகிறது.

முன்மொழிவைத் திரும்பப் பெறவில்லை. யாசின் இன்னும் பதில் போடவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

பதில் இல்லை. ஆபீசில் குறிப்புகள் எழுதினேன். யாரும் திருத்தம் சொல்லவில்லை, ‘சூப்பர் மேடம்’ என்றார்கள்.

செப்டம்பர் 11, வியாழன்

பதில் இல்லை. சாப்பிடப் பிடிக்கவில்லை. இவர் என்ன என்று கேட்டார். விளக்கிச் சொன்னேன். ‘தப்புன்னு தெரிஞ்சா நீயே எடுத்துப்போடு’ என்றார். என் கஷ்டம் அவருக்குப் புரியவில்லை. யாசினும் ‘சரி’ என்று எழுதிவிட்டால் நான் தும்பியை விட்டு விலகிவிடுவேன். யாரும் மறுக்காத இடத்தில் உட்கார்ந்து எதற்குப் பேச வேண்டும்? விலகல் மெயிலை மனசுக்குள் எழுதியும் பார்த்துவிட்டேன்.

செப்டம்பர் 13, சனி

ஆஸ்பத்திரிக்குப் போய் மறுபடியும் அந்தக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்தேன். வட்டம் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. வெள்ளைக்கோல் பிடித்து நடக்கப் பயிற்சி கொடுக்கும் இடம் ஒன்றை டாக்டர் எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது ஃபோன். யாசின்.

‘அக்கா, நாலஞ்சு நாளா சரின்னு எழுதி எழுதி அழிக்கேன். என்னால முடியல. இது தப்புக்கா. படு மோசமான யோசனை. நீங்க எப்படி இத எழுதுனீங்கன்னே எனக்குப் புரியல. நான் மறுக்கேன்.’

நான் செருப்பு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவன் பயந்துபோய், தப்பாகப் பேசிவிட்டேனா என்று கேட்டான். இல்லை, மேலே சொல்லு என்றேன்.

அவன் ஒவ்வொரு காரணமாக அடுக்கினான். எழுத்துப்பிழை மறைந்துவிடும். பிள்ளைக்கு விடை தப்பு என்றே தெரியாது. பிழைச் செய்தி நீளம் என்றால் செய்தியைத்தான் சுருக்க வேண்டும், பிழையை மறைக்கக் கூடாது. மூச்சு விடாமல், பழைய துடுக்கோடு, நடுநடுவே ‘இதுகூடத் தெரியாதா’ என்றுகூடச் சொன்னான். நானும் விடவில்லை. நீளமான செய்தியைக் காதால் கேட்டிருக்கிறாயா, கேட்டுவிட்டு வந்து பேசு என்று கத்தினேன். கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன் என்று அவனும் கத்தினான். நான்கு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தானாம். உள்ளேயிருந்து இவர் எட்டிப் பார்த்து, யாரோடு சண்டை என்று கேட்டார். கையை ஆட்டி உள்ளே போகச் சொன்னேன்.

முன்மொழிவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னேன். உடனே இல்லை. வெகுநேரம் வாதாடிவிட்டுத்தான்.

ஃபோனை வைத்த பிறகும் மனசுக்குள் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. செய்தியைச் சுருக்க வேண்டும் என்றானே, அது சரியில்லை. சுருக்கினால் புதுப் பிள்ளைக்கு ஒன்றும் புரியாது. முதல் தடவை நீளமாகவும், அதே பிழை மறுபடி வந்தால் சுருக்கமாகவும் சொல்ல வைக்கலாம். காலையில் முதல் வேலையாக அவனுக்கு எழுத வேண்டும். ஒத்துக்கொள்ள மாட்டான்.